கீழடி அருங்காட்சியகம்: கட்டட வேலை பற்றிய புதுப்பிப்பு

கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் அருங்காட்சியகக் கட்டடம் பாதி எழும்பியிருந்த சமயத்தில், "இதுவும் இன்னொரு தாலுகா ஆபீஸ் மாதிரி ஆகிவிடுமோ" என்று இங்கே கவலைப்பட்டு எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

ஆகவில்லை. சுமார் 31,000 சதுர அடி, செட்டிநாட்டுப் பாணி. முற்றம், தூண், ஓட்டுக் கூரை எல்லாம் உண்டு. 2023 மார்ச் 5 அன்று திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுக்கும் கீழடியின் 2,600 ஆண்டுப் பழமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மதுரை வெயிலில் முற்றம் வைத்த கட்டடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பேச்செல்லாம் திறந்தவெளி அருங்காட்சியகம் பற்றித்தான், அதாவது அகழாய்வுக் குழிகளை மூடாமல் அப்படியே பார்வைக்கு வைப்பது. 2025 ஜனவரி 23 அன்று அடிக்கல் நாட்டினார்கள். வழக்கமாகத் தோண்டி, அளந்து, படம் எடுத்த பிறகு குழிகளை மூடிவிடுவார்கள். மண்தான் செங்கல்லுக்குப் பாதுகாப்பு. திறந்தே வைத்தால் மழைநீர் தேங்கும், வெயிலில் குழியின் சுவர் வெடிக்கும், செடி முளைக்கும். அதனால் இங்கே கூரையைவிட வடிகால்தான் பெரிய வேலை என்பேன். அது சரியாக அமைந்தால் உறைகிணறும் (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறு) செங்கல் கட்டுமானமும் கிடைத்த இடத்திலேயே, கிடைத்த ஆழத்திலேயே தெரியும். 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, அப்புறம் அந்த மண்ணையும் போய்ப் பார்க்கலாம்.

கங்கைகொண்ட சோழபுரம் அருங்காட்சியகத்துக்கும் அதே நாளில்தான் அடிக்கல். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது வேலை எந்த அளவில் இருக்கிறது என்று எழுதுங்கள்.