சிக்கோகு 88 கோயில் நடைபயணம்: மார்ச் கடைசியில் கூடாரத்தில் தூங்க என்ன எடுத்துப் போவது?

வழிநடை:

வணக்கம். மார்ச் 20 வாக்கில் ஜப்பானின் சிக்கோகு தீவில் 88 கோயில் யாத்திரையைத் தொடங்குகிறேன். தோகுஷிமாவில் 1ஆம் கோயில் ர்யோசென்ஜியிலிருந்து வரிசைப்படி, முழுக்க நடந்தே. சுமார் 1,200 கி.மீ., 45 நாள் கணக்கு. பாதி இரவுகளாவது கூடாரத்தில்தான். தினமும் விடுதி கட்டுப்படியாகாது.

கையில் இருப்பவை: "0 டிகிரி" என்று அட்டை போட்ட செயற்கைப் பஞ்சு ஸ்லீப்பிங் பேக் (1.6 கிலோ), ஒரு யோகா மேட், நடைக்கோலை நட்டு எழுப்பும் ஒற்றை அடுக்குக் கூடாரம் (700 கிராம்). உயரம் 170 செ.மீ. மதுரை வெயிலில் வளர்ந்த உடம்பு, குளிர் தாங்காது. ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற முடியும் என்றால் முதலில் எதை மாற்றுவது?

பனித்துளி:

மேட்டை மாற்றுங்கள். பலரும் தூங்கும் பைக்குத்தான் முதலில் செலவு செய்கிறார்கள். ஆனால் படுத்ததும் உடம்புக்கு அடியில் இருக்கும் பஞ்சோ இறகோ நசுங்கிவிடுகிறது. நசுங்கியதில் காற்று நிற்காது, காற்று இல்லாவிட்டால் காப்பும் இல்லை. அடியிலிருந்து வரும் குளிரைத் தடுப்பது மேட் மட்டும்தான். சிக்கோகுவில் நீங்கள் படுக்கப் போவது பெரும்பாலும் காங்கிரீட், தார்த்தளம், பலகைத்தரை. இரவு முழுக்கச் சூட்டை உறிஞ்சுவதில் காங்கிரீட்டை மிஞ்ச ஒன்றுமில்லை.

மேட்டின் காப்பை ஆர் மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறையில் அளந்த எண்ணா என்று பார்த்து வாங்குங்கள். அப்போதுதான் ஒரு கம்பெனி மேட்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். யோகா மேட் வழுக்காமல் இருக்கச் செய்தது, குளிர் காக்க அல்ல. மடிப்பு ஃபோம் மேட் 400 கிராம் எடையில் ஆர் 2 தரும். காற்றடைக்கும் நல்ல மேட் ஏறக்குறைய அதே எடையில் ஆர் 4க்கு மேல் தரும். மார்ச் மாதத்துக்கு 3க்குக் குறையாமல் இருக்கட்டும்; உங்கள் உடம்புக்கு 4 நல்லது.

அடுத்து பை. "0 டிகிரி" என்ற அட்டையில் ஐ.எஸ்.ஓ. 23537 அல்லது ஈ.என். 13537 என்ற சோதனைத் தர எண் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும். "கம்ஃபர்ட்" என்பது சராசரிப் பெண் உடல் தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய வெப்பநிலை. "லிமிட்" என்பது சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் வெப்பநிலை. "எக்ஸ்ட்ரீம்" உயிர் பிழைப்பதற்கான எல்லை, தூக்கத்துக்கானது அல்ல. குளிர் தாங்காதவர் ஆணானாலும் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். அந்த எண்களும் அடியில் நல்ல மேட் இருக்கிறது என்ற கணக்கில் வந்தவைதான்.

உங்கள் தேதிக்கு கம்ஃபர்ட் 0 முதல் 2 வரை உள்ள பை வேண்டும். 800 ஃபில் பவர் (உப்பும் திறன்) உள்ள டவுன், அதாவது வாத்தின் மென்னிறகு, 400 கிராம் வாக்கில் நிரப்பியது ஏறக்குறைய அந்த அளவைத் தொடும், மொத்த எடை 700–800 கிராம். கழுத்தைச் சுற்றி அடைக்கும் பட்டையும், ஜிப்பின் உள்பக்கம் ஓடும் தடுப்பும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அவை இல்லாத பையில் புரண்டு படுக்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் சூடு வெளியேறிவிடும். நீளம் 180 செ.மீ. வரையானவர்களுக்கான அளவு போதும். அதற்கு மேல் நீண்டால் கால்மாட்டு வெற்றிடத்தையும் உங்கள் உடம்பே சூடாக்க வேண்டும்.

கல்லும்முள்ளும்:

பனித்துளி சொன்னதில் பைக்கும் மேட்டுக்கும் மறுப்பில்லை. ஆனா கூடாரத்தை மாத்தாம போகாதீங்க. கோலை நட்டு எழுப்புற கூடாரம் முளை இறங்குற மண்ணை நம்பி நிக்குது. யாத்திரைப் பாதையில இடம் கிடைக்கிறது ஹென்ரோகோயாங்கிற வழிக்குடில், பூங்காவில இருக்கிற நாற்புறமும் திறந்த கூரை, மிச்சி-நோ-எக்கி எனப்படுற சாலையோர நிலையம். எங்கேயும் முளை இறங்காது. தானா நிக்குற இரட்டை அடுக்குக் கூடாரம், ஒருத்தருக்கானது, 1 முதல் 1.4 கிலோ, தரை அளவு 210 × 90 செ.மீ.க்குள்ள இருந்தா பெரும்பாலான கூரைக்கு அடியில அடங்கும். மழை வராத ராத்திரி வெளி அடுக்கை விட்டுட்டு வலை அடுக்கை மட்டும் எழுப்பினாப் போதும்.

இன்னொண்ணு. யாத்ரீகர் கையில இருக்கிற கொங்கோசுயே கோலை, இந்த யாத்திரைக்கு மூலவரான துறவி கோபோ தைஷியாவே மதிக்கிறது அங்க வழக்கம். தங்குமிடம் வந்ததும் தன் காலைக் கழுவுறதுக்கு முன்னாடி கோலோட நுனியைக் கழுவுவாங்க. அதைக் கூடாரத் தூணா நடுறது பார்க்கிறவங்க மனசைப் புண்படுத்தும். அந்தக் கூடாரத்துக்காகவே தனியா ஒரு கோல் தூக்கணும்னா எடை மிச்சமும் போச்சு.

அடித்தளம் இல்லாத தார்ப்பாய் மட்டும் போதும்னு யாராவது சொன்னாக் கேக்காதீங்க. ஏப்ரல் பாதிக்கு மேல முக்காடேங்கிற பெரிய பூரான் நடமாட ஆரம்பிக்கும், கடிச்சா வலி கடுமை. புல்வெளியில உண்ணியும் உண்டு. மூடுற ஜிப் வேணும். செருப்பையும் உள்ளேயே வைங்க.

வழியில கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற மூரோதோ முனை, அஷிசூரி முனை ரெண்டுலயும் காத்து பலமா அடிக்கும். முளை இல்லாத இடத்துல கூடாரத்துக்குள்ள முதுகுப்பையை காத்து வர்ற பக்க மூலையில வச்சு, கயித்தைக் கம்பியிலயோ தூண்லயோ கட்டுங்க. 2 மீட்டர் கயிறு நாலு தனியா எடுத்துக்கங்க.

வழிநடை:

நன்றி. அப்படியானால் மூன்றையும் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. செலவு கூடுகிறது. குளிர் அதிகமான மலை இரவுகளில் மட்டும் விடுதி எடுத்துக்கொண்டு, மற்றபடி கம்ஃபர்ட் 5 பையோடு சமாளிக்கலாமா? டவுன் மழையில் நனைந்தால் வீணாகும் என்கிறார்களே, செயற்கைப் பஞ்சே நல்லதா?

பனித்துளி:

சமாளிக்கலாம், ஆனால் நாட்களை வரிசையாகப் பாருங்கள். கடினமான இரவு கடைசியில் இல்லை, தொடக்கத்திலேயே வருகிறது. 11ஆம் கோயில் ஃபுஜீதெராவிலிருந்து 12ஆம் கோயில் ஷோசான்ஜி வரை சுமார் 13 கி.மீ. மலைப்பாதை, நீங்கள் மூன்றாம் நாள் வாக்கில் அங்கே இருப்பீர்கள். கோயில் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 மீட்டருக்கு 0.6 டிகிரி குறையும் என்று வைத்தால் சமவெளியைவிட 4 டிகிரி குளிர். மார்ச் கடைசியில் வானம் தெளிந்த இரவென்றால் 0 டிகிரியை எதிர்பார்த்தே போக வேண்டும். அந்த இரவுக்கு அறை பதிவு செய்யுங்கள், அல்லது கீழே கமியாமாவுக்கு இறங்கிவிடுங்கள். இறங்கினாலும் ஆற்றங்கரையில் படுக்காதீர்கள்: குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும், பனி ஈரமும் அங்கேதான் அதிகம்.

அடுத்தது 44, 45ஆம் கோயில்கள் இருக்கும் குமாகோகென் மலைப்பகுதி. ஏப்ரல் இறுதியை நெருங்கிவிடுவீர்கள், இருந்தாலும் இரவில் நடுக்கும். 66ஆம் கோயில் உன்பென்ஜிதான் எல்லாவற்றிலும் உயரம், 900 மீட்டருக்கு மேல். அங்கே மாலையில் போய்ச் சேராதபடி நாளை அமைத்தால் போதும். மற்ற இடங்களில் கம்ஃபர்ட் 5 பை, 130 கிராம் பட்டு லைனர் (பைக்குள் போடும் உறை), மெல்லிய டவுன் ஜாக்கெட், உலர்ந்த கம்பளிக் காலுறை என்று ஓட்டிவிடலாம். லைனர் 8 டிகிரி கூட்டும் என்று விளம்பரம் பார்த்தால் 2 என்று எடுத்துக்கொள்ளுங்கள். புறப்பாட்டை ஏப்ரல் 5க்குத் தள்ள முடிந்தால் இந்தக் கேள்வியின் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

ஒசாகாவாசி:

டவுன் பற்றி. மழையைவிட உங்கள் உடம்பு விடும் ஈரம்தான் டவுனைக் கெடுக்கும். ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நாலைந்து நாளில் பை சப்பையாகிவிடும். சிக்கோகுவின் தென்பகுதியான கோச்சியில் ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை, தொடர்ந்து இரண்டு நாள் வெயில் வராதது சாதாரணம்.

ஆனால் ஜப்பானில் இதற்கு வழி எளிது. நடுத்தர ஊர் எல்லாவற்றிலும் காசு போட்டு ஓட்டும் காயின் லாண்டரி உண்டு. உலர்த்தியில் 100 யென்னுக்குப் பத்து நிமிடம் வாக்கில் ஓடும். பையைத் திருப்பிப் போட்டு, குறைந்த சூட்டில் 30 நிமிடம். நடுவில் ஒரு தடவை எடுத்து உதறுங்கள். சூடு அதிகமானால் மெல்லிய நைலான் சுருங்கும். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் டவுனே போதும், 1.6 கிலோ செயற்கைப் பை தேவையில்லை. மதிய ஓய்வில் வெயில் இருந்தால் இருபது நிமிடம் விரித்துப் போடுங்கள். சுமக்கும்போது 45 லிட்டர் குப்பைப் பைக்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். கிழிந்தால் எந்த கொன்பினியிலும் (சிறு பலசரக்குக் கடை) வேறு கிடைக்கும்.

காற்றடைக்கும் மேட்டை வாயால் ஊதாமல் ஊதுபையால் நிரப்புங்கள், மூச்சின் ஈரம் உள்ளே தங்கும். படுக்கும் முன் தரையைக் கையால் துடைத்துப் பாருங்கள். குடில் பலகையில் ஆணியும் சிலாம்பும் இருக்கும். ஒட்டுத்துண்டு எடுத்துப் போவதோடு, 2 மி.மீ. மெல்லிய ஃபோம் விரிப்பு ஒன்றை அடியில் போட்டால் ஓட்டை விழுவதே குறையும்.

இடம் விஷயத்தில்: கேட்டுவிட்டுப் படுங்கள். கூடாரம் கூடாது என்று பலகை இருந்தால் வாதாட வேண்டாம். இருட்டும்போது எழுப்பி, விடியும்போது மடித்துவிடுங்கள். நெருப்பு கூடவே கூடாது. சில கோயில்களில் நடைப்பயணிகளுக்கு த்சூயாதோ என்ற இலவச அறை உண்டு. பெரும்பாலும் வெறும் தரைதான், மேட்டும் பையும் அங்கேயும் வேண்டும். சாலையோர நிலையங்களில் லாரிகள் இரவெல்லாம் எஞ்சினை ஓடவிடும், காதடைப்பான் இல்லாமல் தூங்க முடியாது.

காய்ரோ என்ற சூட்டுப்பொட்டலத்தை மருந்துக்கடையில் வாங்கி ஷோசான்ஜி இரவுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். காலுறைக்கு வெளியே, கால்மாட்டில் வையுங்கள். தோலில் நேராக ஒட்டித் தூங்கினால் தெரியாமலேயே சுட்டுவிடும்.