ஊட்டிக்கு வேனில் 20 பேர்: தண்ணீர், குப்பை, தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) பற்றி விவரம் தேவை

மேட்டுப்பாளையம் வழியாக இரண்டு நாள் பயணம். இ-பாஸ் எடுத்தாயிற்று. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்பதால் 20 லிட்டர் கேன் மூன்றும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் வருகின்றன. முதல் நாளுக்குப் போதும். மறுநாள் நிரப்ப, இப்போது வேலை செய்கிற தண்ணீர் ஏடிஎம் எது? நாணயம்தான் போட வேண்டுமா?

டயப்பர், மிச்சச் சோறு எல்லாம் இறுக மூடும் வாளியில் கீழே திரும்பும். மெல்லிய பையில் கட்டினால் குரங்கு கிழித்துவிடும். மழை வந்தால் அத்தனையும் ஓடைக்குப் போய்விடும்.

முக்கியமான கேள்வி இதுதான்: புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல் சால்வையை, தைக்கும் பெண்களிடமே பேரம் பேசாமல் வாங்க வேண்டும். மந்துக்குள் வர யாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பது? கோயிலை நெருங்கவோ படமெடுக்கவோ மாட்டோம். உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.