ஹாஸ்டலில் குவாரன்டைன்: மூன்று பேர் அறையும் பொதுக் கழிவறையும் வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது?

விடுதிக்குழு

அடுத்து ஏதாவது தொற்று வந்தால் என்ன செய்வது என்று எங்கள் பல்கலைக்கழக ஹாஸ்டலுக்கு ஒரு நடைமுறை எழுதச் சொல்லியிருக்கிறார் வார்டன். கொரோனா காலத்துச் சுற்றறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் எல்லாமே "காற்றோட்டமான தனி அறை, தனிக் கழிவறை" என்றுதான் ஆரம்பிக்கின்றன. இங்கே மூன்று மாடி, மாடிக்கு 24 அறை, அறைக்கு மூன்று பேர். வராண்டாவின் இரண்டு முனையிலும் பொதுக் கழிவறை. எல்லாருக்கும் ஒரே மெஸ். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் ரூம்மேட் இருவரையும் எங்கே வைப்பது, எத்தனை நாள்? பேசாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன?

நாள்கணக்கு

வீட்டுக்கு அனுப்புவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. தொற்று பிடித்து, இன்னும் காய்ச்சல் வராத பையன் எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய்த் தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இறங்குவான். நோய் உறுதியானவர்களையும் அவர்களோடு இருந்தவர்களையும் இருக்கிற ஊரிலேயே நிறுத்துங்கள்.

இரண்டு கூட்டத்தையும் கலக்காதீர்கள். பாசிட்டிவ் வந்தவர்கள் ஒரு பக்கம். அவர்களை ஒரே அறையில் சேர்த்துப் போட்டாலும் பெரிய பாதகமில்லை. தொடர்பில் இருந்தவர்கள் இன்னொரு பக்கம். இவர்களை மட்டும் ஆளுக்கு ஓர் அறையாகப் பிரித்தே ஆகவேண்டும். ஏன் என்றால் கணக்கு அங்கேதான் உடைகிறது. ரூம்மேட் இருவரையும் சேர்த்து ஒரே அறையில் பூட்டி, நான்காம் நாள் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மற்றவருக்கு அன்றைக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும். தொடர்பில் இருந்தவருக்கு ஏழு நாளில் முடிய வேண்டியது பதினொன்றாகும்.

எண்ணும் விதம்: கடைசியாகத் தொடர்பு இருந்த நாள் பூஜ்ஜியம், மறுநாள் ஒன்று. பாசிட்டிவ் வந்தவருக்கு 2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் வைத்த விதி: பரிசோதனையில் உறுதியாகிக் குறைந்தது ஏழு நாள், அதோடு தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ஆறாம் நாள் வரை காய்ச்சல் அடித்தால் ஏழாம் நாள் கதவைத் திறக்க முடியாது. வெளியே விட மறு பரிசோதனை கேட்காதீர்கள். நோய் விட்ட பிறகும் ஆர்டிபிசிஆர் சில வாரம் பாசிட்டிவ் காட்டும். அதை நம்பி அறையைப் பிடித்து வைத்தால் அடுத்து வருபவருக்கு இடம் இருக்காது. மாறாக, அறிகுறி இருந்தும் ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் விட்டுவிடாமல் ஆர்டிபிசிஆர் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் கொரோனாவுக்கான எண்கள். புதுக் கிருமி வந்தால் எண் மாறும், எண்ணும் முறை மாறாது. நடைமுறையில் நாட்களுக்கான இடத்தைக் காலியாக விட்டு, அரசு அறிவித்ததும் நிரப்புங்கள்.

தளமேலாளர்

கட்டட விஷயம். மேல் மாடியில் ஒரு முனையை, அங்குள்ள கழிவறையோடு சேர்த்து, பாசிட்டிவ் பக்கமாக ஒதுக்குங்கள். மேல் மாடி என்றால் யாரும் அதைக் கடந்து போக வேண்டியதில்லை. தொடர்பில் இருந்தவர்களுக்கு வேறு மாடி. கழிவறையில் ஆளுக்கு ஒரு நேரம். மாஸ்க் போட்டே உள்ளே போக வேண்டும். பல் துலக்கும்போது கழற்றித்தான் ஆகவேண்டும், அதனால் அதை மட்டும் அறையிலேயே ஒரு பக்கெட்டில் முடிக்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் நாள் முழுக்க ஓடட்டும்.

சீலிங் ஃபேன் காற்றைச் சுழற்றுமே தவிர வெளியேற்றாது. வராண்டாக் கதவைச் சாத்தி, ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பாருங்கள்: அறைக்குள் சாய்ந்தால் சரி. வராண்டா பக்கம் சாய்ந்தால் அறைக் காற்று பக்கத்து அறைக்குப் போகிறது என்று அர்த்தம்.

பிளீச்சிங் பவுடர்: 30 சதவீதக் குளோரின் உள்ளது என்றால் ஒரு லிட்டருக்கு சுமார் 33 கிராம், அதுவே ஒரு சதவீதக் கரைசல். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, மீதித் தண்ணீர் ஊற்றி, தெளிந்ததும் மேல்நீரை மட்டும் எடுங்கள். தெளித்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். திறந்து கிடந்த பழைய மூட்டையில் வாசனை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். டாய்லெட் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

மெஸ்_கமிட்டி

ஹாஸ்டல் நுழைவாயிலில் கிருமிநாசினிச் சுரங்கம் மாதிரி ஒன்று வைத்தால் என்ன? 2020-இல் பல ஊரில் வைத்தார்களே.

தளமேலாளர்

வேண்டாம். ஆள்மேல் தெளிப்பது கூடாது என்று அந்த ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. மூக்குக்குள் இருக்கிற கிருமியை சட்டைமேல் அடிக்கிற மருந்து என்ன செய்யும்? கண்ணும் தோலும் எரிவதுதான் மிச்சம். அந்தப் பணத்தில், விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வாங்குங்கள்.

மெஸ்ஸைக் கவனியுங்கள், உண்மையில் பரவுகிற இடம் அதுதான். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தபோது, மாணவர்கள் ஒரே மெஸ்ஸில் கூடியது பேசப்பட்டது. பிறகு சாப்பாடு அறைக்கே போனது. முதல் பாசிட்டிவ் அன்றே எல்லாருக்கும் பார்சல் என்று மாற்றுங்கள். அறை வாசலில் ஒரு ஸ்டூல், அதில் பார்சலை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஆள் நகர்ந்த பிறகே உள்ளிருப்பவர் மாஸ்க்கோடு எடுக்க வேண்டும்.

நாள்கணக்கு

ஆக்சிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. மருதாணியோ நெயில் பாலிஷோ உள்ள விரலில் வைக்கக் கூடாது. கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எண் நிலைத்த பிறகு குறியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை 93 அல்லது அதற்குக் கீழ், மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், 100 டிகிரி தாண்டிய காய்ச்சல் மூன்று நாளாக இறங்கவில்லை, நெஞ்சு வலி, பேச்சில் தடுமாற்றம்: இவற்றில் எது வந்தாலும் 108. "காலையில் பார்ப்போம்" வேண்டாம். இரவில் கூப்பிட ஒரு வார்டன் எண்ணை ஒவ்வொரு கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள்.

விடுதிக்குழு

நன்றி. மாணவர்கள் காய்ச்சலை மறைத்தால்?

மெஸ்_கமிட்டி

மறைப்பார்கள். அட்டென்டன்ஸும் இன்டர்னல் மார்க்கும் போகும் என்றால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு லேபுக்கு வந்து நிற்பார்கள். தனிமையில் இருக்கும் நாட்களுக்கு வருகைப்பதிவு உண்டு, லேப் மறுபடி செய்யலாம், தேர்வை இன்னொரு நாள் எழுதலாம் என்று துறைத்தலைவர் கையெழுத்தோடு முன்கூட்டியே போர்டில் ஒட்டுங்கள். அறிகுறி உள்ள மாணவரை எந்த நிலையிலும் விடுதியில் தங்க விடக் கூடாது என்று 2020 நவம்பரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) எழுதியது. போவதற்கு இடம் காட்டாமல் அந்த வரியை மட்டும் போர்டில் போட்டால் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்.