வேர்ப்பக்கம் மட்டும் ஆரஞ்சு, என்ன செய்யலாம்?
கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன், தோழிகளே. வீட்டிலேயே 20 வால்யூம் டெவலப்பர் (சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு கரைசல், எண் அதன் வீரியம்) கலந்து தலைமுடிக்கு அடர் சிவப்புச் சாயம் போட்டேன். நுனிவரை மாதுளை முத்து மாதிரி அழகாகப் பிடித்திருக்கிறது. வகிடு ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பளீரென்று ஆரஞ்சு. தலைச்சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுக்கும் என்பது சரி, இப்போது சரிசெய்வது எப்படி? ஆரஞ்சை நீலம் அடக்கும், நீல ஷாம்பு போடு என்கிறார்கள். அது நல்ல சிவப்பையும் மங்கடித்துவிடாதா? வேருக்கு மட்டும் ஒரு படி அடர்ந்த சிவப்பை 10 வால்யூமில் போடலாமென்று யோசனை. அப்படிச் செய்தவர்கள் எத்தனை நிமிடம் வைத்தீர்கள்? அத்தை மருதாணி அரைத்துத் தருகிறேன் என்று நிற்கிறார், அது இப்போதைக்கு வேண்டாம். போர் தண்ணீர் வேறு உப்பு. அடுத்த வாரம் மாயவரத்தில் கல்யாணம், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.