ஜெர்மன் மனைவியோடு கும்பகோணம் வீட்டில் மூன்று வாரம்: பதிவு, சாப்பாடு, பாத்ரூம்

அரசலாறு:
பொங்கலை ஒட்டி மூன்று வாரம் அம்மா அப்பா வீட்டில் தங்கப் போகிறோம். ஹோட்டல் கிடையாது. மனைவி ஜெர்மன் பாஸ்போர்ட், இந்தியாவுக்கு முதல் முறை, 30 நாள் இ-விசா. சொந்த வீட்டில் தங்கினாலும் எங்காவது பதிய வேண்டுமா? சாப்பாடு, பாத்ரூம் விஷயத்தில் வீட்டில் என்ன சொல்லி வைக்கலாம்? அம்மா "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்கிறார். அதுதான் பயமே.

முத்திரைத்தாள்:
பதியணும். எல்லாரும் ஃபார்ம் சி என்று சொல்வது அதைத்தான். ஹோட்டலுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். காசு வாங்காமல் வீட்டில் தங்க வைத்தாலும், வந்து 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) தளத்தில் ஏற்றிவிட வேண்டும். பொறுப்பு வீட்டுக்காரருக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு.

மாட்டிக்கொள்ளும் இடம் அந்தத் தளத்துக்கான யூசர் ஐடி. அப்பாவின் அடையாள அட்டை, முகவரிச் சான்று வைத்து விண்ணப்பித்தால், அதைப் பார்த்து ஒப்புதல் தர நாள் பிடிக்கலாம். விமானம் இறங்கிய அன்று ஆரம்பித்தால் கெடு தாண்டிவிடும். இரண்டு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். வந்த தேதியை முத்திரையைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும், அதனால் இமிக்ரேஷன் தாண்டியதும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், இ-விசா, முகப் படம் மூன்றும் தயாராக இருக்கட்டும். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அடியுங்கள், கல்யாணத்துக்குப் பிறகு மாறிய பெயரைப் போடாதீர்கள். நடுவில் கொடைக்கானல் போனால் அங்கே ஹோட்டல்காரர் தனியாகப் போடுவார்.

14 நாளில் வெளிநாட்டவரே தனியாகப் பதிவது 180 நாளைத் தாண்டிய விசாக்களுக்கு. உங்களுக்கு அது வராது.

கல்சட்டி:
அம்மாகிட்ட "காரம் கம்மியா போடுங்க"ன்னு சொல்லிப் பிரயோஜனமில்லை. அவங்களுக்குக் கம்மி, அந்தப் பொண்ணுக்குத் தீ. செய்யற விதத்தைச் சொல்லுங்க: பருப்பு மசிச்சதும், சாம்பார்ப் பொடி போடறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் தனியா எடுத்து உப்பு, சீரகம், நெய் விட்டு வெச்சுடலாம். பொரியலை மிளகாய் இல்லாமத் தாளிச்சு முதல்ல அவங்களுக்கு எடுத்துட்டு, மத்தவங்களுக்கு அப்புறம் மிளகாய் கிள்ளிப் போட்டுக்கலாம்.

வயித்தைக் கெடுக்கறது பெரும்பாலும் காரம் இல்லை. காலைல அரைச்ச தேங்காய்ச் சட்னியைச் சாயந்தரம் தோசைக்கு வெக்கறது, கொதிக்க வெக்காத தண்ணி, இது ரெண்டும்தான். அப்படி ஆயிட்டா 1 லிட்டருக்கான பெரிய ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் தண்ணில கரைக்கணும். ஒரு டம்ளர்ல கொட்டிக் குடிச்சா உப்பு கூடிப் போய் இன்னும் மோசமாகும். பாக்கெட் இல்லேன்னா 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டையும் தலை தட்டி அளக்கணும்.

இலைல "போதும்"னு வாயால சொன்னா யாரும் நிறுத்த மாட்டாங்க. இலைக்கு மேல கையைக் குறுக்கே காட்டச் சொல்லிக் குடுங்க. முதல் சோத்தை ரெண்டு பிடியோட நிறுத்தணும், ரசமும் மோரும் இன்னும் வரணுமே.

அரசலாறு:
அப்பாவிடம் ஐடி விஷயம் இன்றே சொல்லிவிட்டேன். பாத்ரூம் பற்றியும் யாராவது சொல்லுங்கள். மனைவி ஹேர் டிரையர் வேறு கொண்டு வருகிறார்.

திருகாணி:
டிஷ்யூ பேப்பரை டாய்லெட்டில் போட்டால் செப்டிக் டேங்க் குழாய் அடைக்கும். மூடி போட்ட கூடை ஒன்று வாங்கி வையுங்கள், ஏன் என்று முதல் நாளே அவரிடம் சொல்லுங்கள். தரை எப்போதும் ஈரம், உள்ளே போட ஒரு ரப்பர் செருப்பு. 15 லிட்டர் கீசரைக் குளிக்க 15-20 நிமிடம் முன்னால் போட்டு, உள்ளே போகும்போது அணைத்துவிட வேண்டும். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். வெறும் கீசர் தண்ணீரை மொண்டு ஊற்றினால் தோல் வெந்துவிடும். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பழைய வீட்டில் பாதி விழாது.

போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் பிளக் நம் போர்டில் தொளதொளவென்று நிற்கும், வேலை செய்யும். ஹேர் டிரையர் வேறு கதை. 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், படுக்கையறை போர்டு 6 ஆம்பியர்தான். கருகின வாசனை வந்த பிறகுதான் தெரியும். ஏசிக்குப் போட்ட பெரிய பவர் பிளக்கில், அந்த அளவைத் தாங்கும் அடாப்டரோடு மட்டும் போடச் சொல்லுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது வேண்டவே வேண்டாம், மொத்த வீட்டுக்கும் ஃபேன் நின்றுவிடும்.