கெட்ட கொலஸ்ட்ரோல் 231: சாப்பாடா, பரம்பரையா? பிள்ளையை எங்க காட்டுறது?

வயசு 36, ஆண், 58 கிலோ. கண்டாவளைப் பக்கம். வயலும் மாடும்தான் தொழில். இரணைமடுத் தண்ணி திறந்தால் நாள் முழுக்க மண்வெட்டியோட நிக்கிற ஆள். சிகரெட், சாராயம் ஒண்டும் இல்லை. ஆனால் போன மாசி மாசம் கிளிநொச்சியில இரத்தம் சோதிச்சால் எல்டிஎல் எண்ட கெட்ட கொலஸ்ட்ரோல் 231.

நாலு மாசம் தேங்காய்ப்பால், பொரியல், இறைச்சி எல்லாத்தையும் நிப்பாட்டினன். சொதி இல்லாமல் இடியப்பம் எப்பிடி இறங்கினது எண்டு கேக்காதேங்கோ. திரும்பப் பார்த்தால் 219! சீனி, தைரொயிட், ட்ரைகிளிசரைட் மூண்டும் சரி. பிறகு கொலஸ்ட்ரோல் குறைக்கிற குளிசை அட்டோவாஸ்டட்டின் 20 மில்லிகிராம், ரெண்டு மாசத்தில 142.

அப்பா 2004இல, 47 வயசில, வயல் வரம்பிலயே சுருண்டு விழுந்தவர். மாரடைப்பு. பெரியப்பாவும் அப்பிடித்தான். மனக்கவலை எண்டுதான் சனம் கதைச்சது.

எனக்கு ரெண்டு குதிக்காலுக்கும் மேல தசைநாண் கயிறு மாதிரித் தடிச்சு, சப்பாத்துப் போட்டால் உரசும். கிளினிக் டொக்டர் அதைத் தடவிப் பார்த்திட்டுத்தான், இது பரம்பரை வகை போலக் கிடக்கு, பிள்ளைக்கும் போக 50 வீத வாய்ப்பு எண்டவர்.

மகளுக்கு 9 வயசு. எலும்பும் தோலுமா இருக்கிறவளுக்கு என்ன கொலஸ்ட்ரோல் எண்டு மனுசி சண்டை.

இதே பரம்பரைப் பிரச்சினைக்கு, வன்னிக்குள்ளயோ யாழ்ப்பாணத்திலயோ சின்னப் பிள்ளையைக் காட்டின ஆக்கள் இருந்தால், எந்தக் கிளினிக்கில காட்டினீங்கள்?