முதியோர் இல்லத்திலும் விலங்குக் காப்பகத்திலும் இரவுப் பணி: சில அனுபவங்கள்

முதியோர் இல்லங்களில் இரவுப் பணி பார்ப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அனுபவங்களில் அழைப்பு மணிக்குத்தான் முதலிடம். ஒருவர் இறந்து, உடல் எடுத்துச் செல்லப்பட்டு, கட்டிலும் துடைத்து வைக்கப்பட்ட அறையிலிருந்து நள்ளிரவில் மணி ஒலிக்கும். நான் பணியாற்றிய இல்லத்தில் இது நடந்தபோது, உடனிருந்த மூத்த செவிலியர் அந்தக் காலி அறைக்குப் போகவில்லை. அதை ஒட்டியிருந்த அறைக்குப் போனார். அங்கே படுத்திருந்த அம்மாவுக்கு மூச்சுத்திணறல் தொடங்கியிருந்தது. உடனே தலையணையை உயர்த்தி, ஆக்ஸிஜன் கொடுத்து, மருத்துவரை வரவழைத்தோம், அவர் பிழைத்துக்கொண்டார். மணியின் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்ததாக மறுநாள் பழுதுபார்க்க வந்தவர் சொன்னார். அந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் அன்றைக்கு, அந்த நேரத்தில் அது ஒலித்ததை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது.

இறுதி நாட்களில் இருப்பவர்கள் தமக்கு முன்பே இறந்துபோனவர்களைக் காண்பது இந்தப் பணியில் அரிதான செய்தியன்று. பல வாரங்களாகப் பேச்சு குறைந்திருந்த ஒரு பாட்டி, ஒருநாள் மாலை கூரையின் மூலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அக்கா எவ்வளவு நேரமாக நிற்கிறாள், உட்கார ஒரு நாற்காலி போடு" என்றார். அந்த அக்கா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர் விளக்கைப் போட்டு, அங்கே யாரும் இல்லை என்று விளக்க முற்பட்டார். நான் அவரைத் தடுத்து, நாற்காலியை எடுத்துப் போட்டேன். பாட்டி நிம்மதியாக உறங்கினார்; மூன்றாம் நாள் காலமானார்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் அந்திமக்காலப் பராமரிப்பில் இருந்த 59 பேரை நாள்தோறும் சந்தித்துப் பேசி, மருத்துவர் கிறிஸ்டோபர் கெர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் இத்தகைய கனவு அல்லது காட்சி ஒன்றையாவது கண்டதாகக் கூறியுள்ளனர். மரணம் நெருங்க நெருங்க இறந்த உறவினர்கள் தோன்றுவது கூடியதையும், அந்தக் காட்சிகளே மிகுந்த ஆறுதல் அளித்ததையும் அதே ஆய்வு பதிவுசெய்தது. ஆகவே, காண்பவர் அமைதியாக இருக்கும்வரை மறுத்துப் பேசுவதில் எந்தப் பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அவர் அஞ்சி நடுங்கினாலோ, கையிலுள்ள ஊசிக் குழாயைப் பிடுங்க முயன்றாலோ அது வேறு விஷயம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றால் வரும் மனக்குழப்பமாக அது இருக்கலாம். செவிலியருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். லூயி பாடி வகை மறதிநோயில், அறைக்குள் குழந்தைகளோ சிறு விலங்குகளோ நடமாடுவதாகத் தெளிவாகக் காண்பது அந்த நோயின் முக்கியமான அறிகுறிகளுள் ஒன்று. இதை அறிந்திராத பணியாளர், "உன் பின்னால் ஒரு பிள்ளை நிற்கிறது" என்று ஒரு பெரியவர் சொல்லும்போது எப்படி உறைந்துபோவார் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மகனையே அடையாளம் தெரியாதிருந்த ஒரு பெரியவர், திடீரென ஒருநாள் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, வீட்டுக் கடன் அடைந்துவிட்டதா என்று விசாரித்து, மறுநாள் விடியலில் இறந்தார். இறப்புக்குச் சற்று முன் இவ்வாறு தெளிவு திரும்புவதை ஜெர்மானிய ஆய்வாளர் மிகேல் நாம் (Michael Nahm) 2009-ஆம் ஆண்டிலிருந்து விரிவாகத் தொகுத்து எழுதியிருக்கிறார். சிதைந்த மூளையில் அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு இன்னும் உறுதியான விடை இல்லை. இத்தகைய தெளிவைக் கண்டால் குடும்பத்தாரை அன்றே வரச் சொல்லுங்கள். தேறிவிட்டார் என்று எண்ணி வார இறுதிவரை தள்ளிப்போட்டவர்களின் அழுகையைக் கேட்டிருக்கிறேன்.

முதியோரையும் விலங்குகளையும் ஒருங்கே நினைக்கும்போது ஆஸ்கர் என்ற பூனையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், ஸ்டீர் ஹவுஸ் என்னும் பராமரிப்பு இல்லத்தில் வளர்ந்த அந்தப் பூனை, சாகும் தறுவாயில் இருப்பவரின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. 25-க்கும் மேற்பட்ட மரணங்களின்போது அது அவ்வாறு உடனிருந்ததாக மருத்துவர் டேவிட் டோசா 2007-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பூனை சென்று படுத்ததும் பணியாளர்கள் உறவினர்களைத் தொலைபேசியில் அழைத்துவிடுவார்கள். செல்கள் சிதையும்போது எழும் மணத்தை அது உணர்ந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து.

விலங்குக் காப்பகத்தில் எனக்கு ஏற்பட்ட அச்சம் வேறு வகையானது. வலி தீர வழியில்லாத நாய்க்குக் கால்நடை மருத்துவர் கருணை ஊசி போட்டு, இதயம் நின்றுவிட்டதை ஸ்டெதஸ்கோப்பால் உறுதிசெய்த பிறகும், அது சில முறை ஆழமாக மூச்சிழுப்பதுண்டு. தசைகள் துடிப்பதும் உண்டு. கண்கள் பெரும்பாலும் மூடுவதில்லை. உணர்வு முற்றிலும் நீங்கிய பின் நிகழும் அனிச்சைச் செயல்கள் இவை. வளர்த்தவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மிகமிக அவசியம். சொல்லாவிட்டால், தம் நாய் உயிரோடு தவித்தது என்ற எண்ணத்தை அவர் வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரிடும்.

இரவில் எல்லா நாய்களும் ஒரே நொடியில் குரைப்பதை நிறுத்திவிட்டு, யாருமில்லாத நடைபாதையை உற்றுப் பார்ப்பதும் அங்கே வழக்கம். நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கேட்கும் என்பதால், சுவருக்குள் ஓடும் எலியின் ஒலி போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாத நிகழ்வு ஒன்று உண்டு. ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு கிழ நாய்களில் ஒன்று கடைசிக் கூண்டில் இறந்தது. அப்போது மற்றொன்று சிகிச்சைக்காக வேறு கட்டடத்தில் இருந்தது. திரும்பி வந்த அது, அந்தக் கூண்டுக்கு முன்னால் வந்ததும் கால்களை ஊன்றி நின்று, வாலை ஒடுக்கி, ஓர் அடிகூட நகர மறுத்தது. தரையைக் கிருமிநாசினியால் கழுவி, விரிப்பை மாற்றி, வேறு நாயை அங்கே குடிவைத்த பிறகும் அது மாறவில்லை. அதனால் அதைப் பின்வாசல் வழியாகவே வெளியே கூட்டிச் சென்றோம். பணிக்குப் புதிதாக வருபவர்களும் பார்க்கும்படி அதன் அட்டையில் அதை எழுதியும் வைத்தோம்.